கதை வந்து சேர்ந்தது, நிலம் வந்து சேரவில்லை: தொன்மங்களை எழுதவும் படமாக்கவும் வேண்டிய இளைய தலைமுறை

குன்ம நோயும் குதிரை முகமும் உற்ற சோழ இளவரசி ஒருத்தி கடல் கடந்து ஈழத்தின் வடகரைக்கு வந்தாள். கடலோரத்து நன்னீர்ச் சுனையில் நீராடினாள். நோய் நீங்கியது, குதிரை முகமும் மறைந்தது. மா முகம் விட்டகன்ற ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று. அதே சுனையில் கீரி முகம் நீங்கப்பெற்ற நகுல முனிவரின் கதையால் அவ்விடம் கீரிமலை ஆயிற்று. இளவரசி எழுப்பிய கோயிலுக்குக் காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் பிறந்து வளர்ந்த அம்மம்மாமார் பலரும் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கக்கூடிய கதை இது.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒஸ்லோவிலோ உள்ள வீடொன்றில் அமர்ந்து இக்கதையைக் கேட்கும் பத்து வயதுப் பிள்ளை இரண்டு கேள்விகளைக் கேட்கக்கூடும். "கடலுக்குப் பக்கத்தில இருக்கிற தண்ணி ஏன் உப்பா இல்லை?" என்பது ஒன்று. "அந்த இடத்தின்ர படம் உங்களிட்ட இருக்கா, அம்மம்மா?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு "அது சாமியின்ர அருள்" என்ற விடை கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குப் பல வீடுகளில் மௌனமே விடை. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, படத்தொகுப்புகளைத் தேடி எடுத்துச் செல்லும் நிலையில் பலர் இருக்கவில்லை. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பகுதியின் பெரும்பாகம் உயர் பாதுகாப்பு வலயமாகவே இருந்தது. 2009 இல் போர் முடிவுற்ற பின்னரே காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன.

இவ்வாறு, கதை பிள்ளையிடம் வந்து சேர்ந்தது; நிலம் வந்து சேரவில்லை. புலம்பெயர் சூழலில் தொன்மங்கள் எதிர்நோக்கும் முதன்மையான இடர் இதுவே. நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட தொன்மம் வெறும் வேடிக்கைக் கதையாகச் சுருங்குகிறது. சில ஆண்டுகளில் அதுவும் மறக்கப்படுகிறது. கதையை இன்னொரு முறை உரத்துச் சொல்வதால் இந்நிலை மாறிவிடப் போவதில்லை. பிள்ளையே அக்கதையைத் தேடிச் சென்று, எழுதி, படமாக்கி, தன் கதையாக ஆக்கிக்கொள்ள வழிவிடுவதே இதற்கான மாற்று. அது இயலக்கூடியது என்பதற்கான சான்று, ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவிலேயே உண்டு.

இக்லூலிக் மக்கள் செய்தது என்ன?

கனடாவின் வடகோடியில், நூனவுட் ஆட்புலத்தில், இக்லூலிக் என்றொரு சிறு தீவுக் குடியிருப்பு உள்ளது. அங்கு வாழ்வோர் இனுயிட் மக்கள். பனிவெளியில் வேட்டையோடு நகர்ந்த அவர்களது வாழ்வு, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலையான குடியிருப்புகளுக்குள் ஒடுக்கப்பட்டது. பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். தெற்கிலிருந்து தொலைக்காட்சி வரவிருந்தபோது, 1975 இலும் 1979 இலும் நடந்த வாக்கெடுப்புகளில் இக்லூலிக் மக்கள் அதை வேண்டாம் என மறுத்தனர். தங்கள் மொழியான இனுக்டிடுட்டில் எதுவும் இல்லாத பெட்டி வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகளின் நாவிலிருந்து மொழி போய்விடும் என்பதே அவர்களது அச்சம். இனுக்டிடுட் நிகழ்ச்சிகள் கிடைக்கத் தொடங்கிய பின்னர், 1980களின் முற்பகுதியிலேயே அவர்கள் தொலைக்காட்சியை ஏற்றனர். கருவியை அவர்கள் வெறுக்கவில்லை. அதில் ஒலிக்கப்போவது யாருடைய குரல் என்பதே அவர்களது கேள்வியாக இருந்தது.

அவ்வூரில் வளர்ந்தவர் சக்கரியாஸ் குனுக். கல்லில் சிற்பம் செதுக்குபவர். 1981 இல் தாம் செதுக்கிய சிற்பங்களை மொன்றியலில் விற்று, அப்பணத்தில் ஒரு வீடியோ கமராவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். 1990 இல் போல் அபாக், நோர்மன் கோன், ஊரின் மூத்தவரான போலூசி குலிதாலிக் ஆகியோருடன் சேர்ந்து இசுமா என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அம்மொழியில் இசுமா என்றால் சிந்தித்தல் என்று பொருள். நிறுவியவர்களுள் ஊரின் முதியவர் ஒருவரும் இருந்தார் என்பது குறித்துக்கொள்ளத்தக்கது.

இவர்கள் உருவாக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் 'அத்தனார்ஜுவாட்: வேக ஓட்டக்காரன்'. தலைமுறை தலைமுறையாக அத்தீவுப் பகுதியில் வாய்வழியாகச் சொல்லப்பட்டு வந்த தொன்மக் கதை அது. பகைவர் கூடாரத்தைச் சாய்த்து அண்ணனைக் கொல்கின்றனர். தம்பி அத்தனார்ஜுவாட் உடலில் துணியின்றி, வெறுங்காலோடு, கடற்பனியின் மேல் ஓடித் தப்புகிறான். திரைக்கதையை எழுத முற்பட்ட போல் அபாக் முதலில் செய்தது, முதியவர் எண்மரிடம் சென்று அவரவர் சொல்லும் கதையை ஒலிப்பதிவு செய்ததே. எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொன்னார்கள். வேறுபாடுகளைக் குறையாகக் கருதாமல், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே திரைக்கதை நெய்யப்பட்டது. படம் முடிவதைக் காணாமலே அபாக் 1998 இல் காலமானார். ஏனையோர் தொடர்ந்து முடித்தனர்.

உடைகளைத் தோலில் தைத்தவர்களும், பனிச்சறுக்கு வண்டிகளையும் எலும்பாலான கருவிகளையும் பழைய முறையில் செய்தவர்களும் ஊர் மக்களே. பேசப்பட்ட மொழி முழுவதும் இனுக்டிடுட். வெளியார்க்கு எழுத்துவரி போதும் என விட்டனர், மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. 2001 இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில், முதற்பட இயக்குநர்க்குரிய 'தங்கக் கமரா' விருது அப்படத்துக்குக் கிடைத்தது. 2015 இல் ரொறன்ரோ பன்னாட்டுத் திரைப்பட விழாவினர் நடத்திய கருத்துக்கணிப்பில், கனடாவில் எக்காலத்திலும் எடுக்கப்பட்ட படங்களுள் முதலிடம் பெற்றதும் அதுவே.

விருது இங்கு முதன்மையன்று. அப்படத்தில் பனி அலங்காரப் பின்னணியாக நிற்கவில்லை என்பதே முதன்மையானது. எந்தப் பனி காலைத் தாங்கும், எது உடையும், வெடிப்பு எங்கே திறக்கும் என்பதை அறிந்தவனே ஓடித் தப்ப முடியும். நிலத்தை நீக்கிவிட்டால் அங்கு கதையே இல்லை.

தமிழ் மரபில் நிலமே முதல்

இந்த உண்மை தமிழருக்குப் புதிதன்று. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட அகமரபு, நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்' என்றே அழைத்தது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் ஆகியன அந்நிலத்தில் முளைக்கும் 'கருப்பொருள்'. மனித உணர்ச்சி 'உரிப்பொருள்'. குறிஞ்சிக்குச் சேயோன், முல்லைக்கு மாயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று தொல்காப்பியம் தெய்வங்களையும் நிலத்தோடு பிணைத்தே கூறுகிறது. மலை இன்றி முருகன் இல்லை. கடல் இன்றி நெய்தலின் இரங்கல் இல்லை. உலகின் இலக்கியக் கொள்கைகளுள் நிலத்துக்கு இத்துணை இடமளித்தது அரிது.

எனினும் புலம்பெயர் நாடுகளின் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் ஐந்திணை என்பது ஓர் அட்டவணையாகவே கற்பிக்கப்படுகிறது. நிலம், தெய்வம், பூ, பறவை என்று கட்டங்களில் நிரப்பி, மனனம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துவிடும் பாடமாக அது முடிகிறது. பேச்சுப் போட்டிகளின் நிலையும் இதுவே. பெற்றோர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிக்கிறது, கேடயம் கிடைக்கிறது, சொன்னதன் பொருள் பிள்ளைக்குத் தெரியாது. அப்பிள்ளையின் திறமையில் குறையேதும் இல்லை. பிறர் எழுதிய சொற்களுக்கு அதன் குரல் இரவல் கொடுக்கப்படுகிறது என்பதே குறை.

கீரிமலைக் கதைக்கே திரும்பிப் பார்த்தால், பிள்ளையின் முதற் கேள்விக்கு நிலம் தரும் விடை கதையைவிட வியப்பானது. யாழ்க் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்த நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கு ஒன்றும் இல்லை. பெய்யும் மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படுகையாக மிதந்து, மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. அது கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படும் இடமே கீரிமலைக் கேணி. கேணியின் மதிலுக்கு அப்பால் உப்புக் கடல், இப்பால் நன்னீர். நிலாவரைக் கிணற்றிலும் மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர். அக்கிணறு இராமனின் அம்பால் தோன்றியது என்று ஊர்க்கதை கூறும். குடாநாட்டுக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலெழுந்துவிடும் என்பதைத் தோட்டக்காரர் அனைவரும் அறிவர்.

ஆற்றைக் காணாத நிலத்தில், நோய் தீர்க்கும் நன்னீரைப் பற்றிய கதை ஏன் தோன்றியது என்பது இப்போது விளங்கும். நன்னீரின் அருமையை உணர்ந்த மக்கள் அதைக் கதையாக்கிக் காத்தனர். தொன்மம் அறிவியலுக்குப் பகை என்று எண்ணும் இளையோரும், அறிவியல் விளக்கம் தெய்வ நிந்தனை என்று அஞ்சும் பெற்றோரும் இவ்விடத்தில் ஒருங்கே அமரலாம். சுண்ணக்கல்லையும் இளவரசியையும் ஒரே படத்தில் காட்ட ஒரு பதினாறு வயதுப் பிள்ளையால் இயலும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக அகழப்பட்டதும் அதே சுண்ணக்கல்தான் என்பதையும் அப்பிள்ளை கண்டுகொள்ளும்.

முடிவை மாற்றும் உரிமை

அத்தனார்ஜுவாட் படத்தில் மற்றொரு பாடமும் உண்டு. பழங்கதையில் நாயகன் திரும்பி வந்து பகைவரைக் கொன்று பழி தீர்க்கிறான். படத்தில் அவ்வாறில்லை. பகைவரை வீழ்த்தி, கொல்லக்கூடிய நிலையில் நின்று, கொலை இத்தோடு நிற்கட்டும் என்று கையை மடக்கிக்கொள்கிறான். ஆயினும் குற்றம் மறைக்கப்படவில்லை. ஊர் கூடுகிறது, மூதாட்டி ஒருத்தி எல்லோர் முன்னிலையிலும் தீங்கிழைத்தோரை ஊரைவிட்டு அகலச் சொல்கிறாள். பழி தவிர்க்கப்பட்டது, தீர்ப்புத் தவிர்க்கப்படவில்லை. கதையின் முடிவைத் தம் காலத்துக்கேற்ப மாற்றும் உரிமை ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு என்பதே படைத்தோரின் நிலைப்பாடு.

பேரழிவுகளைக் கண்டு சிதறிய ஈழத்தமிழர், இதை ஆறுதலாக அமர்ந்து சிந்திக்க வேண்டும். பழைய கதைகளை மாற்றமின்றிக் கையளிப்பதே பண்பாட்டுக் காப்பு என்ற எண்ணம் பெற்றோரிடையே வலுவாக உள்ளது. அவ்வாறாயின் பிள்ளைகள் மாவிட்டபுரத்தை எவ்வாறு எழுதுவர்? இளவரசி கட்டியதாகக் கதை கூறும் அதே கோயிலின் வாசலில், 1968 இல், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே சென்று வழிபடும் உரிமை கோரிப் போராடினர். முகக்குறையோடு வந்த வேற்றுநாட்டுப் பெண்ணுக்கு நலம் தந்த தலம், அயலூர் மக்களை வெளியே நிறுத்தியது எங்ஙனம் என்று ஓர் இளையவர் கேட்டால், அக்கேள்வியைத் தொன்மமே அவர் கையில் கொடுத்தது என்றுதான் கொள்ள வேண்டும். "இதையெல்லாம் ஏன் கிளறுறாய்?" என்று பெற்றோர் வாயடைத்தால், பிள்ளை கதையையும் சேர்த்தே கைவிட்டுவிடும்.

இதன் மறுபக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. தொன்மத்தை வரலாறாக நிறுவ முற்படுவதும், கதையைக் காட்டி நிலத்துக்கு உரிமை கோருவதும் இலங்கைத் தீவில் எத்தகைய கேடுகளை விளைத்தன என்பதைத் தமிழர் நன்கறிவர். பிறர் செய்தபோது தவறாகத் தெரிந்தது தாம் செய்யும்போது சரியாகிவிடாது. இளவரசி எந்த நூற்றாண்டில் வந்தாள் என்று நிறுவுவது படைப்பாளியின் வேலையன்று. அவளை அந்நிலம் ஏன் நினைவில் வைத்திருக்கிறது என்று கேட்பதே படைப்பாளியின் வேலை. மக்கள் அங்கு வாழ்வதற்கான உரிமை காணி உறுதியிலும், கிணற்றிலும், வாழ்ந்த வாழ்விலும் உண்டு. அதற்குப் புராணச் சான்று வேண்டியதில்லை.

பனியும் ஒரு நிலமே

"தாயகத்தையே காணாத பிள்ளை அதை எவ்வாறு எழுதும்?" என்ற வினா நியாயமானது. காணாததைக் கண்டதுபோல் எழுத வேண்டியதில்லை. 'பனி' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். அம்மம்மாவுக்கு அது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம்; பேரப்பிள்ளைக்கு அது பள்ளிக்கூட வாசலில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடப்பது. ஒரே சொல்லுக்குள் இரண்டு நிலங்கள் இருக்கின்றன. புலம்பெயர் எழுத்தாளர்கள் பனியையும் பனி சார்ந்த நிலத்தையும் 'ஆறாம் திணை' என்று அழைத்தனர். அத்திணையைப் பெயரிட்டவர்கள் அங்கு வந்து சேர்ந்தவர்கள். அதில் பிறந்தவர்கள் அதன் முதற்பொருளையும் கருப்பொருளையும் இனித்தான் எழுத வேண்டும். அந்நிலத்துக்குத் தொன்மையான மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இழந்த மொழியும் மீட்ட கதையும் உண்டு என்பதை அறிந்து எழுதினால், அவ்வெழுத்து மேலும் நேர்மையுடையதாகும்.

பிள்ளையின் தமிழ் போதாது என்று தயங்குவோரும் உளர். அம்மம்மாவின் குரல் தமிழில் ஒலிக்கட்டும். பிள்ளை தனக்கு இயன்ற மொழியில் இணைப்புரை சொல்லட்டும். எழுத்துவரி இரண்டையும் சேர்க்கும். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுத்தலாகாது. கேணி, வாடை, சோளகம், கச்சான், வடலி, ஓலை, வரம்பு என்ற சொற்கள் அவ்வாறே நிற்க வேண்டும். நிலத்தின் பெயர்ச்சொற்கள் போய்விட்டால் திரும்ப வாரா.

வீட்டிலிருந்து தொடங்கலாம்

இதற்குப் பெருநிதியும் பெருமன்றமும் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கும் தொலைபேசி, 1981 இல் குனுக் வாங்கிய கருவியைவிட ஆற்றல் மிக்கது. ஒரே ஓர் இடத்தைத் தெரிவு செய்யட்டும்: ஒரு கேணி, ஒரு ஆலமரம், ஒரு வைரவர் சூலம், ஒரு மதவடி. அவ்விடத்தை அறிந்த இருவரிடமேனும் கதையைக் கேட்டுப் பதிவு செய்யட்டும்; இரண்டும் முரண்பட்டால் மகிழட்டும். காற்று எப்பக்கமிருந்து வீசியது, தண்ணீர் என்ன சுவை, இரவில் என்ன ஓசை கேட்கும், யார் அங்கு வரக்கூடாது என்று சொன்னார்கள் என்று கேட்கட்டும். பின்னர் ஒரு பக்கம் எழுதி, மூன்று நிமிடப் படமாக்கட்டும். நிலம் எட்டாத் தொலைவில் இருந்தால், பழைய கடித உறையின் பின்புறத்தில் அப்பப்பா ஊர்ப்படம் வரையும் நடுங்கும் விரலும், சாளரத்துக்கு வெளியே பெய்யும் பனியும் போதும்.

கோடை விடுமுறையில் ஊர் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கீரிமலைக் கேணியில் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டு மாலையே கொழும்புக்கு வாகனம் ஏறுவதோடு அப்பயணம் முடிந்துவிட வேண்டியதில்லை. பிள்ளை அரை மணி நேரம் அங்கே அமர்ந்து, கடலின் ஓசையையும் கேணியின் ஓசையையும் தனித்தனியே பதிவு செய்ய விடுங்கள். தமிழ்ப் பள்ளிகளும் ஆண்டுவிழாக்களில் ஒப்புவித்தலுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பாதியை, பிள்ளைகள் தாமே ஆக்கிய எழுத்துக்கும் குறும்படத்துக்கும் ஒதுக்கலாம். கேடயத்துக்குப் பதிலாக, கதை சொன்ன முதியவரை மேடைக்கு அழைத்து முன்வரிசையில் அமர்த்துவது சாலச் சிறந்தது.

1981 இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை ஆண்டுதோறும் நினைவுகூரும் சமூகம், தன் வீட்டு அறையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நூலகத்தைக் கவனிக்காதிருப்பது முறையாகாது. இக்லூலிக்கில் எட்டு முதியவர்கள் சொன்ன கதை அவர்களுக்குப் பின்னும் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்க ஒருவர் உரிய காலத்தில் சென்றதால். கடலருகே நன்னீர் எப்படி வந்தது என்று இன்னும் முப்பது ஆண்டுகளில் வேறொரு பிள்ளை கேட்கும். விடை சொல்ல அம்மம்மா இருக்கமாட்டார். அவரது குரலாவது இருக்குமா என்பதை இந்த வார இறுதியில் பெற்றோரும் பிள்ளைகளும் முடிவு செய்யலாம்.